பழைய வீட்டின் நிலத்துக்கடியில் குழாய் கசிகிறது: நிலத்தை உடைக்கத்தான் வேண்டுமா?

வட்டக்கச்சியில் தகப்பனார் காலத்தில் கட்டிய வீடு, சமையலறையிலும் அதை அடுத்த அறையிலும் நிலம் கோடையிலும் ஈரமாக இருக்கிறது, இரவில் நிரப்பிவிட்ட தாங்கி விடியும்போது கால்வாசி இறங்கிவிடுகிறது, மேசன் இரண்டு அறைகளின் நிலத்தையும் முழுதாக உடைத்துப் புதுக் குழாய் போட வேண்டும் என்கிறார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டைப் போன்ற ஒற்றைத் தட்டு வீட்டில், ஒரே ஓர் இடத்தில் மட்டும் உடைப்பு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி, நிலத்தை உடைக்க வேண்டியதில்லை. நிலத்துக்கடியில் கிடக்கும் பழைய குழாயை அங்கேயே கைவிட்டு, வீட்டுக்கு வெளியே சுற்றிவரப் புதிய வழி எடுப்பதே செலவிலும் சிறியது, நெடுநாள் நோக்கிலும் நல்லது. ஆனால் அதற்கு முன்னர் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் சில உண்டு. குழாயை மாற்றிய பின்பும் தண்ணீர் அத்திவாரத்தடியில் என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் வேலை அரைகுறையாகவே நிற்கும்.

முதலில் அது குழாய்க் கசிவுதானா என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தைத் தடுக்கும் தார்ப்படை இல்லை. மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது கருங்கல் அத்திவாரத்தின் சாந்து வழியே ஈரம் மேலேறிச் சுவரின் கீழ் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்துச் சீமெந்து உதிரும். இரணைமடு வாய்க்காலை அண்டிய காணிகளில், சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களிலும் இது நடக்கும். ஆகவே கோடையில் ஈரம் இருப்பது மட்டும் குழாய் உடைந்ததற்குச் சான்றாகாது. நிலத்தடி ஈரம் எல்லாச் சுவர்களிலும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு ஏறும், பருவத்தோடு கூடிக் குறையும். குழாய்க் கசிவோ ஒரு பக்கத்தில் தொடங்கிப் பரவும், பருவத்தைப் பாராது. உங்கள் வீட்டில் தாங்கி இறங்குவதும் சேர்ந்திருப்பதால் குழாயின் மீது சந்தேகம் கொள்வது நியாயமே.

தாங்கியை வைத்தே இதை அளந்து உறுதிப்படுத்தலாம். இரவு எல்லாரும் படுத்த பின்னர், மலசலகூடத்துத் தண்ணீர்ப் பெட்டிக்குப் போகும் வழி உட்பட வீட்டிலுள்ள எல்லாப் பைப்புகளையும் (தண்ணீர் திறந்து மூடும் வாய்களையும்) இறுகப் பூட்டி, தாங்கியின் உட்பக்கத்தில் நீர்மட்டத்தைக் கரியால் குறித்துவிட்டு விடியப் பாருங்கள். மறுநாள் இரவு தாங்கியின் அடியில் வெளியேறும் வால்வையும் பூட்டிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஒரு மீற்றர் விட்டமுள்ள தாங்கியில் நீர்மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 8 லீற்றர் போயிருக்கிறது என்று கொள்ளலாம். வால்வு பூட்டியிருக்கும்போது இறங்காமல், திறந்திருக்கும்போது இறங்கினால் கசிவு வீட்டுக்குள் போகும் வழியில் இருக்கிறது. இரண்டு இரவும் இறங்கினால் தாங்கியையோ அந்த வால்வையோ பாருங்கள், நிலத்தைத் தொடாதீர்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்பு உள்ளவர்கள், எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மீற்றரில் உள்ள சிறு சக்கரம் சுழல்கிறதா என்று பார்த்தாலே போதும். மீற்றருக்குப் பிறகு வீட்டுப் பக்கமாக உள்ள கசிவு வீட்டுக்காரரின் பொறுப்பு.

மலசலகூடத்துத் தண்ணீர்ப் பெட்டியைத் தனியாகச் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிலத்துக்கடியில் குழாய் உடைந்துவிட்டது என்று பயந்தவர்களில் ஒரு பகுதியினரின் தண்ணீர், உண்மையில் அந்தப் பெட்டியின் தேய்ந்த ரப்பர் வழியாகச் சத்தமில்லாமல் குழிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். உடுப்புக்குப் போடும் நீலத்தில் கொஞ்சத்தைப் பெட்டிக்குள் கரைத்துவிட்டு அரை மணித்தியாலம் யாரும் தண்ணீர் அடிக்காமல் பாருங்கள். கோப்பைக்குள் நீலம் தெரிந்தால் அங்கே கசிகிறது. அதுபோலவே கிணற்றிலிருந்து தாங்கிக்கு ஏறும் குழாய் வீட்டுக்கடியால் போயிருந்தால், அதிலுள்ள உடைப்பு மோட்டார் ஓடும்போது மட்டுமே பெரிதாகக் கசியும், இரவில் தாங்கி இறங்காது. மோட்டார் ஓடிய சிறிது நேரத்தில் நிலத்தில் ஈரம் கூடுகிறதா என்று பார்ப்பதே அதற்குரிய சோதனை.

வன்னியில் இப்படிக் கசிவதற்கு, மற்ற இடங்களில் காணாத காரணங்கள் சில இருக்கின்றன. எண்பதுகளுக்கு முன்னர் கட்டிய வீடுகளில் நிலத்துக்கடியில் இருப்பது பெரும்பாலும் ஜீ.ஐ. குழாய், அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய். அது உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் துருப்பிடிக்கும். மரை வெட்டிய இடத்தில் இரும்பின் தடிப்புக் குறைவாகையால் முதலில் ஓட்டை விழுவது பொதுவாக மூட்டுகளில்தான். மண்ணிலிருந்து சீமெந்துக்குள் குழாய் நுழையும் இடம் அடுத்த பலவீனமான இடம். ஆனால் இங்கே இதற்கு மேலும் ஒன்று நடந்தது. 2008, 2009 இடப்பெயர்வில் வீடுகளை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து கூரையும் கதவும் போட்டுக் குடியேறும் வரை குழாய்கள் வெறுமையாகக் கிடந்தன. தண்ணீர் நிறைந்திருக்கும் இரும்புக் குழாயை விட, அரைகுறையாக ஈரமும் காற்றும் கலந்து கிடக்கும் குழாய்தான் வேகமாக அரிக்கப்படும். வந்தவர்கள் கூரைக்கே காசில்லாத நிலையில், நிலத்துக்கடியில் கிடந்ததை அப்படியே புதுத் தாங்கியோடு பொருத்தித் தண்ணீர் விட்டார்கள். அப்போது அது ஓடியது. இப்போது அந்தக் குழாய்களின் காலம் முடிகிறது.

இன்னொன்று பங்கர், அதாவது போர்க்காலத்தில் ஒளிந்திருக்க வெட்டிய பதுங்குகுழி. வளவுக்குள், சில வேளைகளில் வீட்டுச் சுவரை ஒட்டியே வெட்டிய பங்கர்களைப் பின்னர் கிடைத்த மண்ணைத் தள்ளி மூடினோம். இறுக்காமல் மூடிய மண் ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதன் மேலால் போகும் குழாய் தொய்ந்து, பீ.வீ.சீ. ஆக இருந்தாலும் மூட்டில் விலகும். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் எங்கே பங்கர் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கருவியை விடவும் அந்தத் தகவல் உதவும். மன்னார்ப் பக்கம் முருங்கனை அண்டிய கறுப்புக் களிமண் நிலங்களில் கதை வேறு: அந்த மண் நனைந்தால் ஊதி, காய்ந்தால் சுருங்கிப் பிளப்பதால், ஒழுங்காகப் போட்ட குழாயையும் அத்திவாரத்தையும் சேர்த்தே அசைத்துவிடும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு, பட்டணங்களில் நிலத்தில் காது வைத்துக் கேட்கும் கருவியைக் கொண்டு வருவார்கள். நம் வீடுகளில் அது பெரிதாகப் பயன்படாது. குழாயிலிருந்து தண்ணீர் பீறும் ஓசை அமுக்கத்தைப் பொறுத்தது. 10 மீற்றர் உயரத் தண்ணீர்தான் ஏறத்தாழ 1 பார் அமுக்கம் தரும். நான்கு மீற்றர் உயரத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீருக்கு அதில் பாதிகூட இல்லையாகையால், அது பீறாமல் சத்தமின்றி ஊறும். அனுபவமுள்ள குழாய் வேலைக்காரரிடம் கையால் அடிக்கும் அமுக்கச் சோதனைப் பம்ப் இருந்தால் 1.5 அல்லது 2 பார் வரை ஏற்றிக் கேட்கலாம்; பழைய இரும்புக் குழாயில் அதற்கு மேல் ஏற்றினால் இல்லாத ஓட்டையும் விழும். சயிக்கிள் கடைக் கொம்பிறஸரால் காற்றை அடித்துப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். காற்றடைத்த பீ.வீ.சீ. குழாய் வெடித்தால் சில்லுகளாகப் பறக்கும்.

நான் நம்புவது பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பதை. சமையலறைக்கும் குளியலறைக்கும் வழி பிரியும் இடத்தில் வெட்டி, ஒரு பக்கத்தை மூடிவிட்டுத் தாங்கியை ஓர் இரவு பார்த்தால், எந்தக் கிளையில் கசிகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கிளை போகும் வழியில் நிலத்தை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, பொலித்தீன் துண்டுகளை விரித்து ஓரங்களை ஒட்டி வையுங்கள். விடியும்போது எந்தத் துண்டின் அடியில் வியர்வை அதிகமோ அதை அண்டியே உடைப்பு இருக்கக் கூடும். கூடும் என்றுதான் சொல்கிறேன். தண்ணீர் உடைந்த இடத்தில் வெளிவராமல், சீமெந்து வெடித்த இடத்திலோ தாழ்வான இடத்திலோதான் வெளிவரும். இரண்டு அறைகளும் ஈரமாயிருப்பதால் இரண்டு உடைப்புகள் இருக்கின்றன என்ற முடிவுக்கும் வந்துவிட வேண்டாம்.

இனி எது செய்வது என்ற கேள்வி. குழாய் பீ.வீ.சீ. ஆக இருந்து, உடைப்பு ஓரிடத்தில்தான் என்று தெரிந்து, காரணமும் தெரிந்தால் (பங்கர் மண் இறங்கியது, பின்னர் யாரோ துளை போட்டபோது பட்டது என்பன போல), அந்த இடத்தை மட்டும் திறந்து திருத்தலாம். குழாய் ஜீ.ஐ. ஆனால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஓரிடத்தில் ஓட்டை விழுந்த இரும்புக் குழாயின் மற்ற இடங்களும் அதே வயதும் அதே அரிப்பும் உடையவை. ஒன்றை அடைத்துத் தண்ணீர் விட்டால் அடுத்த பலவீனமான இடம் திறக்கும், ஒவ்வொரு முறையும் நிலம் உடையும். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமுள்ள இடங்களில் அரை அங்குலக் குழாயின் உட்துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருப்பதையும் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட குழாயைத் திருத்தி வைத்திருப்பதில் பயன் என்ன? உங்கள் மேசன் புதுக் குழாய் போட வேண்டும் என்பது சரி. அதைப் பழைய வழியிலேயே போட வேண்டும் என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். அந்தக் காலத்துச் சிவப்புச் சீமெந்து நிலத்தை உடைத்தால் அதே நிறத்தில், அதே பளபளப்பில் ஒட்டுப் போட இன்று எவராலும் இயலாது என்பது வேறு.

புதிய வழியைத் தாங்கியின் வாயிலிருந்து தொடங்கி, அத்திவாரத்திலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, வீட்டைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்தில் கொண்டு போங்கள். உழவு இயந்திரம் ஏறும் இடத்தில் இரண்டரை அடி. தள்ளிப் போடச் சொல்வது, நாளைக்கு அது கசிந்தாலும் தண்ணீர் அத்திவாரத்தடிக்குப் போகாமல் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக. அமுக்கம் குறைவான தாங்கித் தண்ணீர் என்பதால் தலைமைக் குழாயை 1 அங்குலத்தில் எடுத்து, கிளைகளை முக்காலிலும், கடைசித் துண்டை மட்டும் அரை அங்குலத்திலும் போட்டால் சமையலறையில் தண்ணீர் நூலாக வடியாது. குழாயில் எஸ்.எல்.எஸ். 147 என்ற இலங்கைத் தர அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வயர் இழுக்கும் மெல்லிய குழாயைத் தண்ணீருக்குப் போடும் ஆட்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைவது அத்திவாரத்தைத் துளைத்து அல்ல, நில மட்டத்துக்கு மேலே சுவரைத் துளைத்தாக இருக்க வேண்டும். அந்தத் துளையில் ஒரு பெரிய குழாய்த் துண்டை வைத்து, அதனூடாகத் தண்ணீர்க் குழாயை விட்டால் சுவர் சற்று இறங்கினாலும் குழாய் முறியாது. ஒவ்வொரு கிளைக்கும் தனி வால்வு வையுங்கள்.

சுவரோடு வெளியே தெரியும் துண்டுகளுக்கு வெளிர் நிறப் பெயின்ற் இரண்டு பூச்சுப் பூச வேண்டும், இல்லாவிட்டால் வெயில் பீ.வீ.சீ. குழாயை முறுகலாக்கிவிடும். மதியத்தில் அதில் வரும் தண்ணீர் சுடும் என்பதையும், குரங்குத் தொல்லை உள்ள ஊர்களில் வெளிக் குழாயில் தொங்கி முறிக்கும் என்பதையும் எண்ணி, முடிந்தவரை மண்ணுக்குள் மறைப்பதே நல்லது. பழைய குழாயைத் தாங்கிப் பக்கத்திலும் பைப்புகளின் பக்கத்திலும் வெட்டி, எல்லா முனைகளையும் மூடிவிடுங்கள்.

ஓரிடத்தை மட்டும் திறந்து திருத்துவதாயின், கிரைண்டரால் சதுரமாக வெட்டி, குழாயின் இரு பக்கமும் சேர்த்து மூன்று அடி நீளத்துக்காவது வெளிக்கொணர வேண்டும். குறுகிய குழிக்குள் இரண்டு பக்கமும் அசையாத குழாய்க்கு நடுவே புதுத் துண்டைச் செருக முடியாது. சற்று வளைத்துத் தூக்குவதற்கு நீளம் வேண்டும். பீ.வீ.சீ. கம் ஈரத்தில் பிடிக்காது. எவ்வளவு வடித்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்துகொண்டேயிருக்கும். அப்போது பாணின் வெள்ளைப் பகுதியை உருட்டிக் குழாய்க்குள் திணித்துவிட்டு ஒட்டுவது பழைய வேலைக்காரரின் முறை. பாண் பிறகு கரைந்து வெளியேறிவிடும், ஆனால் முதலில் தண்ணீர் விடும்போது பைப்பின் வாயிலுள்ள வலையைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டிய மூட்டுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, தண்ணீர் விட்டு, குழியைத் திறந்தபடி இன்னோர் இரவு தாங்கியைக் குறித்துப் பார்த்த பிறகே மூடுங்கள். சயிக்கிள் ரியூப்பை வெட்டிக் குழாயில் சுற்றிக் கம்பியால் கட்டுவது வேலைக்காரர் வரும்வரைக்கும் மட்டுமே.

கிண்டத் தொடங்குமுன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். மோட்டாருக்குப் போகும் வயரும் அதே நிலத்துக்கடியால் போயிருக்கக் கூடும், நனைந்த மண்ணில் நின்று அலவாங்கு போடுகிறீர்கள். போருக்குப் பின் கிண்டாத மண்ணாக இருந்தால் அலவாங்கை ஓங்கிப் போடாமல் மெதுவாக மேற்படையை எடுங்கள். அடையாளம் தெரியாத இரும்பு எதுவும் தென்பட்டால் அதைத் தொடாமல், எல்லாரையும் விலக்கி, பொலிசாருக்கு 119இல் அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றிய இடம் என்று சொல்லப்பட்டாலும் வீட்டின் நிலத்துக்கடியை யாரும் கிண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அத்திவாரத்தை ஒட்டிக் கிண்டும்போது அதன் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போகத்தான் வேண்டுமென்றால் மூன்று அடி நீளத்துக்கு மேல் ஒரே நேரத்தில் திறக்காமல், ஒன்றை மூடி இறுக்கிய பின்னரே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

பலரும் தவறவிடுவது இனித்தான் வருகிறது. மாதக் கணக்கில் ஓடிய தண்ணீர் நிலத்துக்கடியில் இருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். ஓர் இரும்புக் கம்பியால் நிலத்தைத் தட்டிக்கொண்டே போனால், வெற்றுப் பானையைத் தட்டியது போல ஓசை மாறும் இடங்களில் அடியில் பொந்து இருக்கிறது. புதுக் குழாயை வெளியால் எடுத்தாலும் அந்த இடங்களை மட்டும் திறந்து நிரப்ப வேண்டும். கிண்டி எடுத்த சேற்றையே திரும்பத் தள்ளி மூடுவது வேலையல்ல. கிறவல் மண்ணைச் சற்று ஈரமாக்கி, அரை அடிப் படைகளாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்கி, அதன் மேல் 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கொங்கிறீற்றுப் போட்டு, ஏழு நாளாவது நனைத்து வைத்திருக்க வேண்டும். பொந்து அத்திவாரக் கல்லின் அடிக்கே போயிருந்தால், தண்ணீர் குறைவாகக் குழைத்த 1:3 (சீமெந்து, மணல்) சாந்தைக் கல்லுக்கடியில் இடைவெளியில்லாமல் அடித்து ஏற்றுவது அவசியம். ஒரு முழ நீளத்துக்கு மேல் கல் அந்தரத்தில் நிற்பதைக் கண்டால் மேசனை நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

குழாய் மாற்றும்போது மின்சாரத்தோடு ஒரு தொடர்பு அறுந்துவிடுவதையும் கவனிக்க வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் மின்சாரத்தின் எர்த் வயரை (ஒழுகும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயரை) ஜீ.ஐ. தண்ணீர்க் குழாயோடு கட்டியிருப்பார்கள். அதை வெட்டிப் பீ.வீ.சீ. போட்டதும் வீட்டுக்கு எர்த் இல்லாமல் போய்விடும். மோட்டாரில் மின்னொழுக்கு வந்தால் அதன் உடலைத் தொடுபவருக்கே அடிக்கும். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு தனி எர்த் கம்பி இறக்கி, மின்னொழுக்கு வந்தால் தானாகவே மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பழைய குழாயை வெட்டச் சொல்லுங்கள்.

குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் ஒன்று. ஓட்டையுள்ள குழாயில் தண்ணீர் வெளியே போவது மட்டுமல்ல, தாங்கி வெறுமையாகும்போது அதே ஓட்டை வழியாக வெளி நீர் உள்ளே இழுபடும். மலசலகூடக் குழி அருகில் இருந்தால் அது என்ன நீர் என்று சொல்லத் தேவையில்லை. வேலை முடியும் வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். முடிந்ததும் தாங்கியைத் தேய்த்துக் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அளவு கேட்டுக் குளோரின் தூள் கரைத்து, குழாய்களிலும் அந்தத் தண்ணீரை நிறைத்து ஓர் இரவு வைத்திருந்து ஊற்றிவிட வேண்டும்.

கடைசியாகச் சுவர் வெடிப்புகள். கசிவால் ஒரு பக்க மண் நனைந்து இறங்கிய வீட்டில், சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடியிருக்கலாம். அவற்றைக் குழாய் வேலையோடு சேர்த்தே பூசி மறைத்துவிட மேசன் விரும்புவார். விடாதீர்கள். நனைந்த மண் காய்ந்து தன் நிலைக்கு வரும்போது சுவர் இன்னும் கொஞ்சம் அசையும், களிமண் நிலத்தில் அது அதிகம். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டுத் தேதி எழுதி, ஒரு மாரியும் ஒரு கோடையும் விட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டி நீளாமலும் அகலாமலும் நின்றால் வெட்டித் திறந்து சாந்து அடைத்துப் பூசலாம். நீண்டுகொண்டே போனால் அத்திவாரத்தடியில் இன்னும் நிரப்பாத பொந்து இருக்கிறது, அல்லது தண்ணீர் வேறெங்கோ இன்னும் ஓடுகிறது என்று கொண்டு, தாங்கியின் நீர்மட்டத்தை மறுபடியும் கரியால் குறிப்பதிலிருந்து தொடங்குங்கள்.